கட்டணம் வாங்கும் வேலை, கட்டணம் இல்லாத பதவி: நிதித் திட்டமிடுநரின் இரண்டு பாதைகள்

நிதித் திட்டமிடுநரிடம் முதல்முறை வரும் குடும்பம் பெரும்பாலும் ஒரு துணிப்பையோடுதான் வரும். உள்ளே நான்கைந்து இன்ஷூரன்ஸ் பத்திரங்கள், சீட்டுப் பாஸ்புக், நகைக் கடன் ரசீது, எப்போதோ போட்ட ஒரு மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் இருக்கும். மேசையில் அதைக் கொட்டிவிட்டு, "இதெல்லாம் சரியா இருக்கானு பாருங்க சார்" என்பார்கள். தொழில் அந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு எண்டோவ்மென்ட் பாலிசியை, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாலிசியை, எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50,000 ரூபாய் பிரீமியம், 20 வருடம், முடிவில் 17 லட்சத்து 36 ஆயிரம் கிடைக்கும் என்று காட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தின் கண்ணுக்குப் படுவது "பத்து லட்சம் கட்டினால் பதினேழரை லட்சம்" என்ற கணக்கு. ஒவ்வொரு பிரீமியமும் எந்த வருடம் கட்டப்பட்டது என்று பார்த்துக் கூட்டுவட்டி போட்டால், இதன் ஆண்டு வருமானம் 5 சதவீதம். ஆயுள் காப்பீட்டுத் தொகையோ 10 லட்சம். மாதம் 40,000 செலவாகும் வீட்டுக்கு அது இரண்டு வருடச் செலவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த படிதான் கஷ்டம். ஆறு பிரீமியம் கட்டியாகிவிட்டது என்றால் மூன்று வழிகள்: தொடர்ந்து கட்டலாம், சரண்டர் செய்யலாம் (பாலிசியை மூடிப் பணத்தைத் திரும்ப வாங்குவது), இனிமேல் கட்டாமல் குறைந்த தொகைக்கு பெய்ட்-அப் ஆக விட்டுவைக்கலாம். இதுவரை கட்டிய மூன்று லட்சத்தை மறந்துவிட்டு, இன்று கைக்கு வரும் சரண்டர் தொகை, இனிமேல் கட்டப்போகும் பிரீமியம், கடைசியில் வரும் தொகை இந்த மூன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போடும்போது, முதிர்வு நெருங்கிவிட்ட பாலிசியைத் தொடர்வதே மேல் என்று பல சமயம் வரும். எல்லாவற்றையும் மூடச் சொல்பவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு வரிசையை மாற்றுவது. பழைய பாலிசியை மூடிவிட்டு, ஆயுள் காப்பீடு மட்டும் தரும் டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பிக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை தெரியவந்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பாதுகாப்பும் போயிற்று. புது பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும்.

பாலிசியை விற்றவர் 5 சதவீதத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவருக்குக் கூலி கொடுத்தது குடும்பம் இல்லை, விற்ற பொருள். நிதித் திட்டமிடல் என்ற தொழிலின் ஐம்பது வருட வரலாறே கூலி யாரிடமிருந்து வர வேண்டும் என்ற இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. அந்தக் கேள்வியை விடாமல் கிளப்பியவர்கள் பெரும்பாலும் அதே தொழிலில் இருந்தவர்கள். தங்கள் அலுவலகத்தைப் பூட்டிய பிறகு, சம்பளமில்லாத சங்கப் பதவிகளில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார்கள். சங்க வேலை தொழிலுக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு அந்த வரலாறு தெரிந்திருக்காது.

ஓஹேர் விமான நிலையம் பக்கம் ஒரு கூட்டம்

1969 டிசம்பர் 12 அன்று, சிகாகோ ஓஹேர் விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடினார்கள். கூட்டியவர் லோரன் டண்டன். வந்தவர்கள் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ், ஃபண்ட் விற்பனைத் துறையைச் சேர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்தின் விளைவாக இரண்டு அமைப்புகள் பிறந்தன: ஒன்று தொழிலில் இருப்பவர்களுக்கான சங்கம், இன்னொன்று பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் கல்லூரி. 1973-ல் அந்தக் கல்லூரியின் முதல் அணி, 42 பேர், சி.எஃப்.பி. (சான்றிதழ் பெற்ற நிதித் திட்டமிடுநர்) சான்றிதழோடு வெளியே வந்தது. அவர்கள் உடனே சான்றிதழ் பெற்றவர்களுக்கென்று தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

இரண்டு சங்கங்களும் 27 வருடம் தனித்தனியே நடந்தன. பழைய சங்கத்தில் யாரும் சேரலாம், பொருள் விற்கும் நிறுவனங்களும் உள்ளே இருந்தன. புதியதில் சான்றிதழ் இருந்தால்தான் இடம். 1983-ல் கமிஷனே வாங்காதவர்கள் மூன்றாவதாக ஒரு சங்கம் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் கோஷ்டிப் பூசல் மாதிரி தெரியலாம். உண்மையில் கூலி பற்றிய விவாதம்தான் மூன்று சங்கங்களாக உருவெடுத்திருந்தது. 1985-ல் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு கல்லூரியிடமிருந்து ஒரு தனி வாரியத்துக்குப் போனது. பாடம் நடத்துபவரே தேர்வு வைத்துச் சான்றிதழும் கொடுக்கும் ஏற்பாடு அதோடு முடிந்தது.

அந்த வாரியமும் ஒருமுறை சறுக்கியது. 1999-ல், முழுத் தகுதி இல்லாதவர்களுக்குக் குறைந்த பாடத்தில் ஒரு துணைச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தது. ஊர் ஊராகச் சங்க நிர்வாகிகள் எழுந்தார்கள், கடிதங்கள் குவிந்தன, திட்டம் கைவிடப்பட்டது. 2000 ஜனவரி 1 அன்று, முதலில் தொடங்கிய இரண்டு சங்கங்களும் இணைந்து எஃப்.பி.ஏ. (நிதித் திட்டமிடல் சங்கம்) உருவானது.

இணைந்த சங்கத்தின் மிகப் பெரிய காரியம் ஒரு வழக்கு. பங்குத் தரகு நிறுவனங்கள் ஆலோசகராகப் பதிவு செய்யாமலே, வாடிக்கையாளரின் சொத்து மதிப்பில் சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ள அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2005-ல் விதி போட்டது. பதிவு இல்லை என்றால் வாடிக்கையாளர் நலனை முதலில் வைக்கும் சட்டக் கடமையும் இல்லை. உறுப்பினர்களில் பலர் அதே தரகு நிறுவனங்களோடு தொழில் தொடர்பு உள்ளவர்கள். அப்படியிருந்தும் எஃப்.பி.ஏ. ஆணையத்தின் மீதே வழக்குப் போட்டது. 2007 மார்ச் 30 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் விதியை ரத்து செய்தது. ஒரு தொழில்முறைச் சங்கத்தின் செயற்குழுவில் தன்னார்வமாக உட்கார்ந்திருப்பவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவில் பாதை எப்படி

இங்கே திருப்பம் 2009 ஆகஸ்ட் 1. மியூச்சுவல் ஃபண்டில் போடும் பணத்திலிருந்து முன்கூட்டியே பிடித்துக்கொண்டிருந்த நுழைவுக் கட்டணத்தை, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி அன்று நிறுத்தியது. அதுவரை ஒரு லட்சம் போட்டால் 2,250 ரூபாய் வரை முதலிலேயே போய்விடும், அதில் பெரும்பகுதி விற்றவருக்கு. 2013 ஜனவரியில் கமிஷனே இல்லாத டைரக்ட் பிளான் வந்தது, அதே மாதம் முதலீட்டு ஆலோசகர் விதிகளும் அறிவிக்கப்பட்டன. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்வது சட்டத்தில் தனித் தொழிலாக நின்றது அப்போதுதான்.

2020-ல் விதிகள் இறுகின. தனிநபராகப் பதிவு செய்த ஆலோசகர் கமிஷனுக்கு ஃபண்ட் விற்கக் கூடாது என்றாயிற்று. அது நல்லது. கூடவே முதுகலைப் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் வேண்டும், ஐந்து லட்சம் நிகர மதிப்பு வேண்டும் என்ற சுமைகளும் ஏறின. வாசல் குறுகியது, புதியவர்கள் வருவது குறைந்தது. 2024 ஆகஸ்டில் செபி கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிட்டது. டிசம்பரில் திருத்தம் வந்தது: இப்போது பட்டப்படிப்பு போதும், அனுபவ நிபந்தனை இல்லை, நிகர மதிப்புக்குப் பதில் வைப்புத்தொகை. 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம், 300 வரை இரண்டு லட்சம், 1,000 வரை ஐந்து லட்சம், அதற்கு மேல் பத்து லட்சம். வேறு வேலையில் இருந்துகொண்டே 75 வாடிக்கையாளர் வரை பகுதிநேரமாகச் செய்யவும் வழி திறந்தது.

தேர்வு இரண்டு தாள்: செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பத்து-ஏ, பத்து-பி. ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், தேற 60 சதவீதம், தவறான விடைக்குக் கழிவு உண்டு. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். சி.எஃப்.பி. படிப்பு இதற்கு மேல், ஆழத்துக்காக. பாஸ் செய்வது தனிக் கஷ்டமில்லை. தேர்வு சொல்லித் தராததை எங்கே கற்பது என்பதுதான் கேள்வி.

ஓய்வுக்காலக் கணக்கையே பாருங்கள். 35 வயதுக்காரர், மாதச் செலவு 40,000, விலைவாசி 6 சதவீதம், 60 வயதில் ஓய்வு. பாடப்புத்தகப்படி 25 வருடம் கழித்து மாதம் 1,71,675 ரூபாய் வேண்டும். புதியவர் இதை அப்படியே திட்டத்தில் எழுதி, தேவையான எஸ்.ஐ.பி. (மாதா மாதம் ஃபண்டில் போடும் பணம்) தொகையைக் காட்டுவார், குடும்பம் மலைத்துப்போய்த் திரும்பி வராது. அனுபவம் உள்ளவர் அந்த 40,000-ஐப் பிரித்துப் பார்ப்பார். 9,000 பள்ளிக் கட்டணம், 6,000 வண்டிக் கடன் தவணை, இரண்டும் ஓய்வுக்கு முன்பே முடிந்துவிடும். மிச்சம் 25,000-க்குக் கணக்குப் போட்டால் 1,07,300 போதும். அதன் மேல் மருத்துவச் செலவுக்குத் தனியாக, கூடுதல் விலையேற்றத்தோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். இதெல்லாம் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால்தான் வரும். தனியாகக் கடை விரிப்பவருக்கு அந்த மூத்தவர் கிடைக்கும் ஒரே இடம் சங்கக் கூட்டம்.

விண்ணப்பம், ஆலோசகர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் உள்ள பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) வழியாகச் செபிக்குப் போகும். பதிவு எண் வந்தபின், கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரொக்கம் கூடவே கூடாது. ஒவ்வொருவருக்கும் ரிஸ்க் தன்மை மதிப்பீடு, இந்த முதலீட்டை ஏன் சொன்னோம் என்ற எழுத்து விளக்கம், ஐந்து வருட ஆவணம், வருடாந்திரத் தணிக்கை எல்லாம் உண்டு. நிலைக் கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய், இல்லையென்றால் ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தில் 2.5 சதவீதம்.

வரவைக் கணக்கிடுவோம். முதல் வருடம் 15 குடும்பம், தலைக்கு 25,000 என்றால் 3,75,000. வாடகை, மென்பொருள், தணிக்கை போனால் வீட்டுக்கு எடுத்துப்போக அதிகம் இருக்காது. இந்த வருடத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். இரண்டு வருட வீட்டுச் செலவைத் தனியே வைக்காமல் தொடங்குபவர், சம்மதிக்கக் கூடாத வாடிக்கையாளரையும் ஏற்றுக்கொள்வார். "எந்த ஷேர் ஏறும்" என்று மட்டும் கேட்பவர்தான் அந்த வாடிக்கையாளர், சந்தை இறங்கினால் புகார் கொடுப்பதிலும் அவர்தான் முதல் ஆள். நான்காம் வருடத்தில் 60 குடும்பம், தலைக்கு 30,000 என்றால் 18 லட்சம். ஜி.எஸ்.டி. வரம்பான 20 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. புதுக் குடும்பத்துக்கு 25 மணி நேரம், பழைய குடும்பத்துக்கு வருடம் 8 மணி நேரம் என்று வைத்தால், 15 புதியவர், 45 பழையவருக்கு 735 மணி நேரம். போனில் வரும் கேள்விகளைச் சேர்த்தாலும், மாதம் பத்து மணி நேரம் வேறு காரியத்துக்கு ஒதுக்க முடிகிற நிலை இப்போதுதான் வருகிறது.

அதற்கு முன்னால் சங்கப் பொறுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. உறுப்பினராக இருக்கலாம், கூட்டத்துக்கு வரலாம், நாற்காலி எடுத்துப் போடலாம். பதவி வேண்டாம். சொந்தத் தொழில் ஆடிக்கொண்டிருக்கும்போது பதவி எடுப்பவர், அதை வைத்து வாடிக்கையாளர் பிடிக்கலாம் என்ற ஆசைக்குச் சீக்கிரம் விழுந்துவிடுகிறார்.

பதவி என்ன கேட்கும்

எஃப்.பி.ஏ.-வின் ஏணி மூன்று வருட ஏணி. அடுத்த தலைவராகத் தேர்வானவர் ஒரு வருடம் பக்கத்தில் நின்று பார்ப்பார், இரண்டாம் வருடம் தலைவர், மூன்றாம் வருடம் செயற்குழுவின் அவைத்தலைவர். புதிதாக வந்தவர் பழையதை உடைக்காமலும், போகிறவர் சாவியை எடுத்துக்கொண்டு போகாமலும் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. ஊர்க் கிளைகளில் பொருளாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர், உறுப்பினர் சேர்க்கை, இலவச ஆலோசனை என்று சிறு பொறுப்புகள் இருக்கும். மேலே போனவர்களில் பலர் தொடங்கியது இவற்றில்தான்.

பொருளாளர் பதவியை யாரும் விரும்புவதில்லை. ஆனால் கிளை விழுவதும் நிற்பதும் அங்கேதான். ஃபண்ட் நிறுவனமோ இன்ஷூரன்ஸ் நிறுவனமோ கூட்டத்துக்குச் சாப்பாட்டுச் செலவை ஏற்கிறேன் என்று வரும். முதல் வருடம் சாப்பாடு, அடுத்த வருடம் மேடையில் அவர்கள் ஆளுக்கு 20 நிமிடம், மூன்றாம் வருடம் கூட்டமே அவர்கள் பொருளை அறிமுகப்படுத்தும் விழா. உறுப்பினர்களில் பாதிப் பேர் அப்போது வருவதை நிறுத்தியிருப்பார்கள். நுழைவுக் கட்டணம் 300 ரூபாய் வாங்கி, இட்லி, வடை, காபியோடு கூட்டத்தை முடிக்கும் கிளைதான் பத்து வருடம் நிற்கும். வெளிப் பணம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பேச்சாளரையும் தலைப்பையும் கிளையே தீர்மானிக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இப்போதைக்கு மிக முக்கியமான சங்க வேலை, செபியின் கருத்துக் கேட்புக்குப் பதில் எழுதுவது. பெரும்பாலும் மூன்று வாரம்தான் அவகாசம். முதல் வாரம் உறுப்பினர்களிடம் கேட்பதில் போகும், இரண்டாவது எழுதுவதில், மூன்றாவது சண்டையில். நன்றாக நடத்தும் தலைவர், அறிக்கை வந்த அன்றே ஐந்து பேர் குழுவுக்குப் பிரிவுகளைப் பங்கிட்டுவிடுவார். கோபக் கடிதம் பயன்படாது. செபி எதிர்பார்ப்பது கட்டம் போட்ட படிவம்: எந்தப் பத்தி, என்ன சிக்கல், மாற்றாக என்ன வாசகம், ஏன்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலான பதில்கள் தோற்கின்றன. "வைப்புத்தொகை அதிகம்" என்று எழுதினால் அது புலம்பல். "40 குடும்பம் உள்ள தனிநபர் ஆலோசகரின் ஆண்டு வரவு இவ்வளவு, இணக்கச் செலவு இவ்வளவு, வைப்பில் முடங்கும் தொகை அவர் வருடச் சேமிப்பில் இத்தனை பங்கு" என்று எண்ணோடு எழுதினால் படிக்கும் அதிகாரிக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கிறது. அந்த எண்களைச் சேர்க்க, உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பெயரில்லாமல் பகிர வேண்டும். பகிர, ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை மூன்று வாரத்தில் முளைக்காது. மாதா மாதம் பத்துப் பேராவது கூடிப் பேசியதால்தான் அது வரும். சிறிய கூட்டங்களின் பயன் அன்றைக்கன்று தெரியாது, அறிக்கை வரும் வாரத்தில் தெரியும்.

சங்கங்கள் கெடும் விதமும் ஒன்றுபோல்தான். அதே ஐந்தாறு பேர் பதவியைச் சுழற்றிக்கொள்வார்கள். கூட்டக் குறிப்பு எழுதப்படாது, போன வருடம் தீர்மானித்ததை இந்த வருடம் மறுபடி விவாதிப்பார்கள். வாட்ஸ்அப் குழு செயற்குழுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவர் பேட்டி கொடுக்கும்போது சங்கத்தின் கருத்து எது, அவர் சொந்தக் கருத்து எது என்று புரியாது. ஒழுங்கு நடவடிக்கை வரும்போது நண்பர் என்று தயங்குவார்கள். உறுப்பினர் ஒருவர் உறுதியான வருமானம் என்று விளம்பரம் செய்தால், அது செபி விதிப்படியே தவறு. அன்றே எழுத்தில் விளக்கம் கேட்காத சங்கத்தின் மற்ற எல்லா வேலைக்கும் மதிப்புப் போய்விடும்.

இலவச ஆலோசனை

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, நியூயார்க்கில் கணவரையோ மனைவியையோ இழந்தவர்களின் கையில் திடீரென்று பெரிய இழப்பீட்டுத் தொகை வந்தது. திட்டமிடுநர் சங்கத்தினர் அவர்களுக்குக் கட்டணமில்லாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு இலவச ஆலோசனை அங்கே சங்கக் கிளைகளின் நிரந்தர வேலையானது.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவை எங்கே என்று தேட வேண்டியதில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு 2012-ல் இழந்தவர்களில் எத்தனையோ பேர் சிறுசேமிப்பாளர்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-லேயே மாநிலச் சட்டம் இருந்தது. ஆனாலும் அது வேலை செய்தது பணம் போன பிறகுதான். போவதற்கு முன் "இது எப்படி இவ்வளவு வட்டி கொடுக்க முடியும்?" என்று கேட்க ஆள் வேண்டும். பணி ஓய்வு பெறும் மாதம் கிராஜுவிட்டி, வருங்கால வைப்பு நிதி, விடுப்பு ஊதியம் மூன்றும் ஒரே கணக்கில் விழும். அந்தச் சமயத்தில்தான் மனிதர்கள் ஏமாற்றப்படுகிறார்கள். கிளை ஒன்று ஆலோசனை முகாம் நடத்த வேண்டிய இடம் ஓய்வு பெறும் ஊழியர்களின் பிரிவு உபசார விழா நடக்கும் அதே அலுவலகம், அதற்கு ஆறு மாதம் முன்பு.

முகாமின் விதிகள் கடுமையாக இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு கொடுக்கக் கூடாது. வந்தவரின் போன் நம்பரை வாங்கக் கூடாது. அவர் பின்னால் கட்டண வாடிக்கையாளராக வர விரும்பினால், அன்று பேசியவரிடம் இல்லாமல் வேறு ஆலோசகரிடம் போக வேண்டும். எந்த ஃபண்ட், எந்த பாலிசி என்று பெயர் சொல்லக் கூடாது. கடன் வட்டி, அவசரத் தொகை, நாமினி, காப்பீடு, உயில் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு 40 நிமிடம், ஒரு தாளில் மூன்று வரி. "நகைக் கடனை முதலில் அடையுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி பெயரில் இறந்துபோன அம்மா இருக்கிறார், மாற்றுங்கள். மீதியை ஆறு மாதம் வங்கியிலேயே வைத்திருங்கள், யார் வந்து கேட்டாலும் இந்தத் தாளைக் காட்டுங்கள்." அந்தத் தாளின் கீழே ஆலோசகரின் பெயர் இருக்காது, கிளையின் பெயர் மட்டும் இருக்கும்.